கதைக்கு வசை, ஒப்பனைக்கு எம்மி: வாயேஜர் 'த்ரெஷோல்ட்' பற்றி இரண்டு கேள்விகள்

கடைமடைக்காரன் (மயிலாடுதுறை) கேட்டது:

ஐப்பசியில் எங்கள் கல்லூரி மன்றத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி வைத்திருக்கிறோம். ஊர் சிரித்த அறிபுனை எபிசோடுகள் மூன்றிலிருந்து சில நிமிடங்கள் போட்டுக் காட்டுவது, திரைக்குப் பின்னால் நடந்ததைப் பேசுவது, கடைசியில் 12 நிமிட நாடகம். நாடகம் 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரின் 'த்ரெஷோல்ட்' எபிசோடைக் கிண்டல் பண்ணுவது.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கம்: டாம் பாரிஸ் என்ற விண்கல ஓட்டி 'வார்ப் 10' வேகத்தைத் ('வார்ப்' என்பது ஒளியை மிஞ்சும் வேகத்துக்குத் தொடர் வைத்த அளவு) தொட்டுவிட்டுத் திரும்புகிறான். குடித்த காபியில் உள்ள தண்ணீரே அவனுக்கு ஒவ்வாமல் போகிறது. செத்துப் பிழைக்கிறான், முடி கொட்டுகிறது, நாக்கு கழன்று கையோடு வருகிறது. கேப்டன் ஜேன்வேயையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கடைசியில் இரண்டு பேரும் ஏதோ சதுப்பு நிலத்தில் சாலமாண்டர் மாதிரிக் கிடக்கிறார்கள், பக்கத்தில் மூன்று குட்டிகள்.

1) அறிவிப்புப் பலகைக்கு மாணவர்கள் எழுதிக் கொடுத்தவை இவை. எது சரி?
அ. இந்த எபிசோடுக்கு எம்மி (அமெரிக்கத் தொலைக்காட்சி விருது) கிடைத்தது.
ஆ. எழுதியவர் வெட்கப்பட்டு வேறு பெயரில் எழுதினார்.
இ. காசு இல்லாமல் மூன்றே நாளில் எடுத்து முடித்தார்கள்.
ஈ. ஸ்டார் ட்ரெக்கில் வார்ப் 10ஐ எட்டியது இதுதான் முதல் முறை.

2) நாடகத்தில் அந்தப் பையனின் முகம் மூன்று கட்டமாக மாற வேண்டும். வாயேஜர் தொடர் மாதிரி ஃபோம் லேடெக்ஸில் (நுரைக்க வைத்த ரப்பர்) செய்ய ஆசை. அரங்கத்தில் ஏசி கிடையாது. அடைமழைக் காலம். சாத்தியமா?

அரசலாறு (கும்பகோணம்):

நான்கில் ஒன்றுதான் அப்படியே சரி. மற்றவற்றில் மூன்று எபிசோடுகளின் கதை ஒன்றோடொன்று கலந்திருக்கிறது.

அ. சரி. ஒளிபரப்பானது 1996 ஜனவரி 29, யூபிஎன் அலைவரிசையில். அதே 1996இல் தொடர்களுக்கான ஒப்பனைப் பிரிவில் எம்மி. 'சிறந்த எபிசோடு' என்றெல்லாம் போட்டுவிடாதீர்கள், ஒப்பனைக்கு மட்டும். குழுவின் தலைவர் மைக்கேல் வெஸ்ட்மோர். 1985இல் வந்த 'மாஸ்க்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர் (ஜிம் கேரி நடித்தது வேறு படம், 1994, பலகையில் அந்தப் படத்தை ஒட்டி வைக்காதீர்கள்). 1987 தொடங்கி 2005 வரை ஸ்டார் ட்ரெக் தொடர்களின் ஒப்பனை அவர் பொறுப்பு. பரம்பரைத் தொழில். ஹாலிவுட் ஸ்டுடியோவில் ஒப்பனைக்கென்று முதல் தனிப் பிரிவை 1917இல் தொடங்கிய ஜார்ஜ் வெஸ்ட்மோரின் பேரன்.

ஆ. தவறு. திரைக்கதை பிரானன் பிராகா, மூலக்கதை மைக்கேல் டி லூக்கா, இயக்கம் அலெக்சாண்டர் சிங்கர். பெயர்கள் அப்படியே திரையில் வருகின்றன. டி லூக்கா அப்போது நியூ லைன் சினிமாவின் பெரிய அதிகாரி. தொலைக்காட்சி எழுத்தாளர் அறைக்குள் அப்படி ஒருவர் கதை கொண்டு வருவது அன்றாடம் நடப்பதில்லை. புனைபெயர் விஷயம் 1960களின் முதல் ஸ்டார் ட்ரெக் தொடரின் 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்' எபிசோடுடையது: 1968 செப்டம்பர் 20, மூன்றாம் பருவத்தின் முதல் எபிசோடு. எழுதியது ஜீன் எல். கூன், திரையில் போட்ட பெயர் லீ க்ரோனின். அங்கும் வெட்கம் காரணமில்லை. அவர் அதற்குள் யூனிவர்சலுக்கு ஒப்பந்தமாகிப் போயிருந்தார்; போட்டி நிறுவனத்துக்குச் சொந்தப் பெயரில் எழுத முடியாது.

'த்ரெஷோல்ட்' மட்டம் என்று பிராகா பின்னாளில் டிவிடி பேட்டியில் பச்சையாகவே ஒத்துக்கொண்டார். நூற்றுக்கும் மேல் எழுதியவரிடம் எல்லோரும் இதை ஒன்றைத்தான் கேட்கிறார்களாம். அவர் சொல்ல நினைத்தது: பரிணாமம் எப்போதும் மேலே மேலே போகும் ஏணி இல்லை, எளிய உயிராகவும் முடியலாம். நல்ல விஷயம்தான். ஆனால் எபிசோடைப் பார்க்கிறவனுக்கு அது வந்து சேரவில்லை, டாக்டர் பாத்திரம் ஓரிரு வரி சொல்வதோடு போய்விடுகிறது. வசனம் செய்ய வேண்டிய வேலையை ரப்பர் தோல் தலையில் கட்டினார்கள். தோல் அதன் வேலையைச் செய்தது, எம்மியும் வாங்கியது.

இ. தவறு. மூன்று நாள் படப்பிடிப்பு 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' (1987இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடர்) இரண்டாம் பருவத்தின் கடைசி எபிசோடு 'ஷேட்ஸ் ஆஃப் கிரே', 1989 ஜூலை 17. 1988இல் அமெரிக்க எழுத்தாளர் சங்க வேலைநிறுத்தம் ஐந்து மாதம் நடந்தது. அதனால் அந்தப் பருவம் 26க்குப் பதில் 22 எபிசோடோடு நின்றது. முந்தைய எபிசோடுகளில் செலவும் மீறியிருந்தது. எனவே ரைக்கர் என்ற முக்கியப் பாத்திரத்தைக் கட்டிலில் படுக்க வைத்து, நினைவுகள் என்ற பெயரில் பழைய காட்சிகளை ஒட்டி ஒப்பேற்றினார்கள். 'த்ரெஷோல்ட்' அப்படி இல்லை. ஒப்பனைக்கு மட்டுமே நன்றாகச் செலவழித்த எபிசோடு என்பது பார்த்தாலே தெரியும்.

ஈ. பாதி. 1960களின் தொடரில் வார்ப் 11 ('தி சேஞ்ச்லிங்', 1967), வார்ப் 14.1 ('தட் விச் சர்வைவ்ஸ்', 1969) எல்லாம் போயிருக்கிறார்கள். ஆனால் அது வேறு அளவுகோல். அதன் கணக்கு ரசிகர்களிடையே புழங்கும் கன மடங்கு: வார்ப் 9 என்றால் 9 × 9 × 9, ஒளியின் வேகத்தைப் போல 729 மடங்கு. 1987 தொடருக்கு அதன் கலைப் பிரிவைச் சேர்ந்த மைக்கேல் ஒக்குடா புது அளவுகோல் போட்டார். வார்ப் 9 வரை அடுக்கு 3க்குப் பதில் 10/3. அதன்பின் கோடு செங்குத்தாக ஏறி 10இல் முடிவிலி. புதுக் கணக்கில் வார்ப் 8 = 1,024 மடங்கு, வார்ப் 9 = 1,516 மடங்கு. 10ஐ யாரும் தொட முடியாது என்பதே விதி. அதைத் தொட்டதாகக் காட்டியதால்தான் ரசிகர்கள் பொங்கினார்கள்.

முடிவிலி வேகம் என்றால் என்ன என்று மேடையில் விளக்க நம் ஊர் உவமை ஒன்று: ஜூன் 12 மேட்டூரில் மதகு தூக்கிய அதே நொடியில் அதே தண்ணீர் கல்லணையிலும் இருக்கும், பூம்புகாரிலும் இருக்கும். தலைமடை, கடைமடை என்ற பேச்சே இல்லை. வார்ப் 10இல் கலம் பிரபஞ்சத்தின் எல்லாப் புள்ளியிலும் ஒரே நேரத்தில் இருக்கும் என்று எபிசோடு சொல்வது இதைத்தான். அப்படியானால் இன்னொரு கேள்வியும் வருகிறது. வாயேஜர் கலம் வழிதவறிக் கிடக்கிறது, வீடு 70,000 ஒளியாண்டு தள்ளி, 75 வருடப் பயணம் என்பது தொடரின் அடிப்படை. வகுத்துப் பார்த்தால் சராசரி 933 மடங்கு, அதாவது வார்ப் 8க்குக் கொஞ்சம் கீழே. பக்கவிளைவுக்கு அதே எபிசோடில் டாக்டர் மருந்தும் கண்டுபிடித்துவிட்டார். எல்லோரும் ஒருமுறை வார்ப் 10 போய் வீட்டில் இறங்கி, ஆளுக்கொரு சிகிச்சை எடுத்துக்கொண்டால் தொடரே முடிந்தது. இதற்குப் பதில் சொல்லாமல் ஐந்து பருவம் ஓட்டினார்கள். வினாடி வினாவில் கடைசிக் கேள்வியாக இதை வையுங்கள், அரங்கம் களைகட்டும்.

மெழுகச்சு (சுவாமிமலை):

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஃபோம் லேடெக்ஸ் சாத்தியம்தான். அந்த அரங்கத்தில், அந்த மாதத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று தெரிய வேண்டுமானால் முதலில் முறையைப் பார்க்க வேண்டும்.

நடிகர் முகத்தை அச்செடுப்பது முதல் வேலை. ஆல்ஜினேட் தூள் (தண்ணீரில் கலந்தால் இறுகும் அச்சுத் தூள்) ஒரு முகத்துக்கு அரைக் கிலோ. பல் மருத்துவக் கடையில் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். நம் குழாய்த் தண்ணீர் இருக்கும் சூட்டுக்கு இன்னும் சீக்கிரம். ஐஸ் போட்ட தண்ணீரில் கலக்குங்கள். புருவம், மீசைக்கு வாசலின். மூக்குத் துளையைத் திறந்தே விட வேண்டும், உறிஞ்சு குழல் செருகாதீர்கள், மூக்கின் வடிவம் கெடும். மேலே மாவுக்கட்டுத் துணி நான்கு அடுக்கு. கழற்றிய உடனே உள்ளே ஊற்றிவிட வேண்டும். சாப்பிட்டு வந்து ஊற்றலாம் என்றால் ஆல்ஜினேட் நீர் விட்டுச் சுருங்கி, நடிகரின் தம்பி முகம் வரும்.

ஊற்றுவதற்குச் சாதா பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அடுப்பில் நிற்காது. டென்டல் ஸ்டோன் (பல் மருத்துவர்கள் எடுக்கும் கெட்டியான பிளாஸ்டர்) வாங்குங்கள். 100 கிராமுக்குத் தண்ணீர் 30 மி.லி. போதும். சாதா பிளாஸ்டருக்கு 50 வரை போகும். அந்த உபரித் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் ஓட்டை, அதனால்தான் பலம் குறைவு.

கிடைத்த தலை மேல் களிமண்ணால் புது முகத்தை வடித்து, அதற்கு மேல் இன்னொரு அச்சு. களிமண்ணை எடுத்த பிறகு இரண்டு அச்சுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் புதுத் தோல். நம் ஊர் விக்கிரக வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. மெழுகு போன இடத்தில் உலோகம், இங்கே களிமண் போன இடத்தில் நுரை.

நுரைக் கலவை நான்கு பொருள். வழக்கமான அளவு: லேடெக்ஸ் 150 கிராம், நுரைப்பான் 30, பதமாக்கி 15, உறைப்பான் 14. முதல் மூன்றையும் பேக்கரி மிக்சரில் ஒரு நிமிடம் மெதுவாக, பிறகு நான்கைந்து நிமிடம் வேகமாக அடித்து உப்ப வைப்பது. மறுபடி நான்கைந்து நிமிடம் மெதுவாக ஓட்டினால் பெரிய குமிழ் உடைந்து அம்மோனியாவும் கொஞ்சம் வெளியேறும். கடைசியில் உறைப்பான், ஒரு நிமிடத்துக்குள் கலந்து அச்சில் ஊற்றிவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் விரலால் அழுத்தினால் இட்லி மாதிரி மேலெழும். அதன்பின் 85 டிகிரியில் மூன்று மணி நேரம். 93ஐத் தாண்டக் கூடாது, அச்சின் ஜிப்சம் உள்நீரை இழந்து பொடியத் தொடங்கும். அந்த அடுப்பில் மறுபடி பன் சுடக் கூடாது.

இங்கே என்ன கெடும்? அந்த 14 கிராம் என்பது 20, 22 டிகிரி அறைக்கு எழுதியது. 32 டிகிரியில் கிண்ணத்திலேயே உறைந்துவிடும், ஊற்றவே முடியாது. ஏசி அறை, குளிர வைத்த கிண்ணம், உறைப்பான் 10, 11 என்று குறைத்துச் சோதனைத் தொகுதி ஓட்டிப் பார்க்க வேண்டும். குறைத்தது அதிகமாகிவிட்டால் உறைவதற்குள் நுரை உட்கார்ந்துவிடும். இரண்டு மூன்று தொகுதி வீணாகாமல் கை வராது. அச்சு காய்வது இன்னொரு தலைவலி. ஐப்பசியில் இரண்டு கிலோ அச்சு லேசில் காயாது. தினமும் தராசில் வையுங்கள். எடை குறைவது நிற்கும் வரை ஈரம் உள்ளே இருக்கிறது. கன்னத்தில் வைத்தால் சில்லென்றால் காயவில்லை. ஈர அச்சை அடுப்பில் வைத்தால் நீராவி கிளம்பித் தோலில் பள்ளம் பள்ளமாக விழும்.

வெஸ்ட்மோர் குழுவுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் கைத்திறன் மட்டும் இல்லை. பாரமவுன்ட்டில் குளிர்சாதனக் கூடம், நிரந்தர ஆய்வகம், வாரா வாரம் ஓடும் அடுப்பு. அங்கே கேமரா முகத்துக்கு இரண்டடியில் வரும். ஓரம் தாள் போல மெலிந்து தோலில் கரைய வேண்டும். நுரை எதற்கென்றால் லேசாக இருக்கும், கன்னம் அசைந்தால் கூடவே அசையும். உங்கள் முதல் வரிசை 15 அடி தள்ளி. யாருக்காக இந்தப் பாடு?

கடைமடைக்காரன்:

நன்றி அண்ணா. இரண்டு சந்தேகம். வடிப்பதற்கு ஆற்று வண்டல் மண் போதுமா? ரப்பர் பால் கலக்க வீட்டில் கும்பகோணம் பித்தளைப் பாத்திரம் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாமா?

மெழுகச்சு:

பித்தளையைக் கிட்டேயே கொண்டு வராதே தம்பி. அதில் செம்பு இருக்கிறது, செம்பு ரப்பருக்கு விஷம். துளி கலந்தாலும் நிறம் கறுத்து, நாளடைவில் பிசுபிசுத்து இற்றுப்போகும். பிளாஸ்டிக், கண்ணாடி, எவர்சில்வர் எதுவானாலும் சரி.

வண்டல் தாராளமாகப் போதும். சல்லடைத் துணியில் சலித்து, பூரி மாவுப் பதத்துக்கு. ஒரே நாளில் வடித்து அச்செடுத்துவிடு, இடையில் ஈரத்துணி போர்த்து. காய்ந்தால் மூக்கோரத்தில் முதலில் வெடிக்கும். விக்கிரகத்துக்கு எடுக்கும் தேன்மெழுகு, குங்கிலியக் கலவையில் சுருக்கம் இன்னும் நுணுக்கமாக வரும், ஆனால் இந்த வேலைக்கு ஒத்துவராது. மெழுகுப் பிசிறு பிளாஸ்டர் துளைகளை அடைத்துவிடும். நுரை அடிக்காமல் ரப்பர் பாலை நேராகப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றும் முறையில் அச்சு தண்ணீரை உறிஞ்சினால்தான் தோல் கட்டும். அச்சில் வாசலின் தடவுகிறவர்களுக்கும் இதே கதிதான்: மணிக்கணக்கில் வைத்தாலும் பால் பாலாகவே இருக்கும்.

தலைப்பிரட்டை (திருவாரூர்):

ஒப்பனை தெரியாது, உயிரியல் பக்கம் ஒரு திருத்தம். நாடக வசனத்தில் 'பரிணாமம்' என்று போடாதீர்கள், எபிசோடு செய்த பிழையே அதுதான். ஓர் ஆள் ஒரே இரவில் மாறுவது பரிணாமம் ஆகாது. பரிணாமம் கூட்டத்துக்கு நடப்பது, தலைமுறைகளாக, அந்தந்த இடத்தின் நெருக்கடிக்கு ஏற்ப. தனி ஒரு உடல் மாறினால் அதற்கு நம் மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது: உருமாற்றம். குறுவை நடவு வயலில் தலைப்பிரட்டை தவளையாவது அது. பாரிஸ் ஒரு தலைகீழ்த் தலைப்பிரட்டை, அவ்வளவுதான். இந்தச் சொல்லை வைத்தே இரண்டு நிமிடக் கிண்டல் எழுதலாம்.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):

மேடைப் பக்கம் மட்டும் சொல்கிறேன். மெழுகச்சு சார் சொன்னது போல நுரையை விட்டுவிடுங்கள். ஜெலட்டினும் வேண்டாம், விளக்குச் சூடும் வேர்வையும் சேர்ந்தால் கன்னத்திலிருந்து வழியும். முன்கூட்டியே வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய) ரப்பர் பால் வாங்குங்கள், பலூன், கையுறைக்காரர்கள் எடுப்பது. கன்னியாகுமரிப் பக்கத் தோட்டத்தில் மரத்திலிருந்து இறக்கிய பச்சைப் பால் ஆகாது, காய்ந்தாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும், இழுத்தால் கிழியும். நாடகத்துக்கு ஒரு நாள் முன்பே நடிகரின் முன்கையில் ஒரு பொட்டு வைத்து 24 மணி நேரம் பாருங்கள். தடித்தால் அவருக்கு லேடெக்ஸ் கூடாது, ஆளை மாற்றுங்கள்.

முதல் கட்டம், கொப்புளம். கண்ணாடிப் பலகையில் ஊசி இல்லாத சிரிஞ்சால் பாலைச் சொட்டுச் சொட்டாக வைத்து, மின்விசிறியில் காயவிட்டு, மூன்று பூச்சு. பவுடர் தூவிய பிறகே உரிக்க வேண்டும், இல்லையென்றால் ஓரம் சுருண்டு தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. முப்பது நாற்பது செய்து வையுங்கள், மேடையில் பத்துப் பன்னிரண்டு தாங்கும். முகத்தைச் சோப்பால் கழுவி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, ஸ்பிரிட் கம் (மேடை ஒப்பனைப் பசை) தொட்டு, அது விரலில் நூல் இழுக்கும் பதம் வந்த பிறகு ஒட்டுங்கள். ஈரமாக ஒட்டினால் வேர்வையில் நழுவும். வாயோரத்திலும் நெற்றியிலும் வேண்டாம், முதலில் கழல்வது அங்கேதான். கண்ணுக்கு அருகில் காயாத ரப்பர் பால் தொடவே கூடாது, அம்மோனியா எரிக்கும்.

இரண்டாம் கட்டம், முடி கொட்டுவது. இதை மேடையிலேயே செய்யலாம். தொடக்கத்திலேயே மொட்டைத் தொப்பி போட்டு, மேலே சவுரி முடியைச் சின்னச் சின்னக் கற்றையாக, இரட்டைப் பக்க டேப்பில் லேசாக ஒட்டி வையுங்கள். கையை விட்டுக் கோதினாலே வரும். தொப்பியின் ஓரத்தை நெற்றியில் மறைக்க முன்கற்றை இரண்டு மட்டும் கெட்டியாக இருக்கட்டும்.

மூன்றாம் கட்டத்துக்கு, களிமண் முகத்தின் மேல் எடுத்த பிளாஸ்டர் அச்சில் ரப்பர் பால் ஊற்றி, முக்கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டினால் சுவரில் ஒரு தோல் நிற்கும். ஒரு நாள் காயவிட்டு, பவுடர் போட்டு எடுங்கள். முழு முகமூடி வேண்டாம். நெற்றியும் மூக்கும் மட்டும், பின்னால் எலாஸ்டிக். மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்மர் முகம் தரிப்பது வேறு: அது சுவாமி, வழிபாட்டில் இருப்பது, மேடைக்கு வந்ததும் ஆளே மறைந்து போக வேண்டும். உங்களுக்கு அந்தப் பையனின் கண்ணும் வாயும் தெரிந்தால்தான் சிரிப்பு. ஓரக்கோட்டை மறைக்க மேக்கப் போட்டு மினுக்க வேண்டியதில்லை, கிளிசரின் இரண்டு சொட்டுத் தண்ணீரில் கலந்து தடவினால் ஈரத்தோல் மாதிரி மின்னும், கண் ஓரத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு: வேற்றுலகம் என்று பச்சைத் தாள் போடத் தோன்றும். போடாதீர்கள். பச்சை வெளிச்சத்தில் சிவப்புக் கொப்புளம் கரும்புள்ளியாகத் தெரியும், பின் வரிசைக்காரர் மரு என்று நினைப்பார். கழற்றும்போது பிய்க்கவே கூடாது, தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டால் கம் தானே இளகும்.

கடைமடைக்காரன்:

எல்லாம் சரி சார், நாக்கு? அது இல்லாமல் 'த்ரெஷோல்ட்' இல்லை.

வெண்ணாற்றங்கரை:

வாய்க்குள் ரப்பர் வைக்காதீர்கள். கடல்பாசி, கடையில் சைனா கிராஸ் என்று கேளுங்கள். 10 கிராமை 250 மி.லி. தண்ணீரில் முழுதாகக் கரையும் வரை கொதிக்க விட்டு, பீட்ரூட் சாறு இரண்டு கரண்டி, பால் ஒரு கரண்டி. பால் விடாவிட்டால் கண்ணாடி மாதிரி ஊடே தெரியும். ஜெலட்டின் வாய்ச் சூட்டில் இளகும். கடல்பாசி ஒருமுறை உறைந்தால் 85 டிகிரிக்குக் கீழே உருகாது, அதனால் வாயில் இருந்தாலும் விறைப்பாக நிற்கும். அகலக் கரண்டியில் ஊற்றி ஆறவிட்டு, கத்தியால் நாக்கு வடிவம், ஆறு சென்டிமீட்டர் நீளம். மேல் பக்கத்தைப் பல்துலக்கும் பிரஷால் குத்தினால் சொரசொரப்பு கிடைக்கும்.

முழுதையும் வாய்க்குள் அடக்கச் சொல்லாதீர்கள், தொண்டைக்குப் போனால் ஆபத்து. பார்வையாளருக்கு முதுகு காட்டித் திரும்பும் ஒரு நொடியில் உள்ளங்கையிலிருந்து முன்பல்லில் கடித்துக்கொண்டால் போதும். அழுத்திக் கடித்தால் துண்டாகிவிடும், ஒத்திகைக்கு நான்கைந்து கூடுதலாக ஊற்றி வையுங்கள். மிச்சத்துக்குச் சர்க்கரை போட்டால் திரைக்குப் பின்னால் செலவாகிவிடும்.